அரசு மதுக்கடைகள் தனியார் கைக்குப் போன வரலாறு

அரசாங்கமே கடை வைத்து மது விற்கும் வழக்கம் கஜானாவை நிரப்புவதற்காகத் தோன்றியதல்ல. குடியைக் குறைக்க வழி தேடியவர்களின் யோசனை அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சினார்கள். தொழிலாளியின் கூலி சனிக்கிழமை இரவே கடையில் கரைந்துவிடும். இதைக் கண்டு பொறுக்காமல் கோதன்பர்க் நகரம் 1865-ல் ஒரு காரியம் செய்தது. சாராயக்கடை உரிமங்களைத் தனித்தனி வியாபாரிகளுக்குக் கொடுக்காமல், மொத்தமாக ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பங்கு போட்டவர்களுக்குச் சிறு வட்டி அளவுக்கே ஆதாயம். மிச்சமெல்லாம் ஊர்ப் பொதுக்காரியங்களுக்கு. கடையை நடத்துபவருக்குச் சாராயத்தில் ஒரு காசுகூடக் கிடையாது, சாப்பாடு விற்றால்தான் அவருக்கு வரும்படி. ஏற்கெனவே தள்ளாடுகிறவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுக்கும் ஆசை அவருக்கு வரக் காரணமே இல்லை.

விற்கிறவனுக்கு லாபம் இல்லையென்றால் விற்பனையைப் பெருக்கும் வெறியும் இருக்காது என்ற இந்த எண்ணத்தின் மேல்தான் உலகின் அரசு மதுக்கடைகள் பலவும் எழுந்தன. பின்னாளில் அவை தனியாருக்குப் போனபோது என்ன கைவிடப்பட்டது என்பதை அறிய, இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோதன்பர்க் முறை பற்றிய செய்தி அமெரிக்காவுக்கு எட்டியது. தென் கரோலினாவின் ஆளுநர் பெஞ்சமின் டில்மன் மாநிலத்திலிருந்த தனியார் மதுக்கடைகளை மூடிவிட்டு, 1893 ஜூலை முதல் அரசே மது விற்கும் முறையைக் கொண்டுவந்தார். முத்திரையிட்ட புட்டிகளில் மட்டும் விற்பனை. பொழுது சாய்ந்தால் கடை மூடப்படும். கடையில் நின்று குடிக்க முடியாது. மறு ஆண்டே டார்லிங்டன் என்ற ஊரில் அரசு மதுக் காவலர்களுக்கும் மக்களுக்கும் கைகலப்பாகி உயிர்கள் போயின. கலவரம் அடங்கிய பிறகும் நோய் வேறு வடிவில் தங்கியது. எந்த ஆலையின் சரக்கை வாங்குவது என்று முடிவெடுத்த அதிகாரிகளுக்கு ஆலைக்காரர்கள் கையூட்டு கொடுத்தார்கள். தனி வியாபாரியின் லாப ஆசையை ஒழிக்கப் பிறந்த அமைப்பில் கொள்முதல் அதிகாரியின் ஆசை நுழைந்துவிட்டது. 1907-ல் மாநில அளவில் அந்த முறை கலைக்கப்பட்டது.

இதனிடையே 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கடைகள் தொடர்பாக ஒரு தீர்ப்பு சொன்னது. மாநில அரசு நடத்தினாலும் மது விற்பனை ஆட்சிக் கடமை ஆகாது, அது வியாபாரம். ஆகவே மற்ற வியாபாரிகளைப் போல மாநிலமும் மத்திய அரசின் உரிமக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்றது தீர்ப்பு. அரசு செய்வது பொதுநலக் காவலா, கடை வியாபாரமா என்ற கேள்வி அன்று எழுந்தது. பின்னர் நடந்த ஒவ்வொரு தனியார்மயத்திலும் அதே கேள்வி மீண்டும் கிளம்பியது.

அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை நீடித்தது. அது முடியப்போகும் வேளையில், குடிப்பழக்கமே இல்லாத செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவர் ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தார். ரேமண்ட் ஃபாஸ்டிக், ஆல்பர்ட் ஸ்காட் இருவரும் எழுதிய அந்த அறிக்கை 1933-ல் வெளியானது. மதுவிலக்குக்கு முன்பு ஆலைகளும் கடைகளும் போட்டி போட்டுக் குடிக்கவைத்த நிலை திரும்பக் கூடாது. கடும் மதுவகைகளை மாநில ஆணையம் ஒன்றே விற்க வேண்டும், வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. பென்சில்வேனியா, வாஷிங்டன், அயோவா எனப் பல மாநிலங்கள் இந்த வழியை எடுத்துக்கொண்டன. பென்சில்வேனியாவின் ஆளுநர் கிஃபோர்ட் பிஞ்சோ மதுவிலக்கை உறுதியாக ஆதரித்தவர். தடை நீங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே மதுக் கட்டுப்பாட்டு வாரியச் சட்டத்தை அவர் நிறைவேற்றிவிட்டார். எல்லைக்கு வடக்கே கனடாவின் மாகாணங்கள் இதற்குப் பத்தாண்டு முந்தியே அரசு மதுக்கடைகளைத் திறந்திருந்தன.

அந்தக் காலத்து அரசு மதுக்கடை எந்த வகையிலும் கண்ணைக் கவராது. பல இடங்களில் புட்டிகள் வாடிக்கையாளரின் கண்ணில்கூடப் படாது. சுவரில் விலைப்பட்டியல் மட்டும் தொங்கும். மது வாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், ஊழியர் உள்ளே போய்ப் புட்டியை எடுத்துவந்து காகிதத்தில் சுற்றித் தருவார். விளம்பரம் இருக்காது, தள்ளுபடி இருக்காது, ஞாயிற்றுக்கிழமை கடையே இருக்காது. வாங்க வந்தவர் சங்கடத்தோடு வாங்கிப் போகட்டும் என்பதுதான் அந்த அமைப்பின் உள்நோக்கம். கவுண்டருக்குப் பின்னால் நின்றவருக்கோ அது நிரந்தர அரசு வேலை. எத்தனை புட்டி விற்றாலும் அதே சம்பளம் என்பதால் குடித்துவிட்டு வந்தவனையும் வயது வராத பையனையும் அவர் தயங்காமல் திருப்பி அனுப்பினார்.

காலப்போக்கில் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. அனுமதிச் சீட்டு போனது; புட்டிகள் அலமாரிக்கு வந்தன; கூடையை எடுத்துக்கொண்டு தானே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. வரவுசெலவுத் திட்டங்களில் மதுக்கடை வருவாய் நிலையான வரவாகி, அதை நம்பிப் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்கினார்கள். இந்த நகர்வு மெல்ல நடந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் கடை குடியைக் கட்டுப்படுத்த இருக்கிறது என்று சொல்லிவந்த வாரியமே விற்பனை உயர்வைச் சாதனையாக அறிக்கையில் எழுதத் தொடங்கிய பிறகு, இதைத் தனியார் செய்தால் என்ன என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வாரியத்திடம் வாதம் குறைந்துபோனது. தனியார்மயத்துக்குக் கதவைத் திறந்தவர்கள் வியாபாரிகள் மட்டுமல்லர், தன் கடை எதற்காகத் திறக்கப்பட்டது என்பதை மறந்த அரசும்தான்.

1980-களில் அமெரிக்காவில் ரீகனும் பிரிட்டனில் தாட்சரும் ஆண்ட காலத்தில் அரசு நிறுவனங்களை விற்பது உலகெங்கும் கொள்கையாகப் பரவியது. அயோவா 1987-ல் தன் 200-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, சில்லறை விற்பனையைத் தனியாருக்கு விட்டது. மொத்த விற்பனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்து மேற்கு வர்ஜீனியாவும் அதே வழியில் போனது. இவை சிறிய மாநிலங்கள் என்பதால் பெரிய சத்தம் எழவில்லை. ஒரு மாகாணத்தின் மதுக்கடைகள் முழுவதையும் ஒரே மூச்சில் தனியார் கையில் கொடுத்தது கனடாவின் அல்பெர்ட்டா.

அல்பெர்ட்டாவில் மதுவிலக்கு 1916-ல் வந்து 1924-ல் நீங்கியது. அந்த ஆண்டே மதுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவாகி, அடுத்த 69 ஆண்டுகள் கடைகளை நடத்தியது. எண்ணெய் வருவாய் சரிந்து மாகாணம் கடனில் மூழ்கியிருந்தபோது, 1992 இறுதியில் ரால்ஃப் கிளைன் முதல்வரானார். செலவைக் குறைப்பேன் என்று வாக்குக் கேட்டு 1993 ஜூனில் தேர்தலிலும் வென்றார். அவருடைய அமைச்சர்களில் ஒருவரான ஸ்டீவ் வெஸ்ட் தொழிலால் கால்நடை மருத்துவர். அரசு வியாபாரத்தில் இருக்கவே கூடாது என்ற கொள்கையில் அசையாதவர். 1993 செப்டம்பர் 2 அன்று, வாரியத்தின் கடைகள் அனைத்தும் மூடப்படும், இனி மதுச் சில்லறை விற்பனை தனியாருக்கே என்று அவர் அறிவித்தார். முன்னறிவிப்போ பொது விசாரணையோ கிடையாது. அதற்காக மக்களிடம் வாக்குக் கேட்டதும் இல்லை. கடை ஊழியர்களில் பலர் செய்தியைக் கேட்டுத்தான் தங்கள் வேலை போவதைத் தெரிந்துகொண்டார்கள். அறிவிப்பு வந்து ஆறே மாதத்தில், 1994 மார்ச் மாதத் தொடக்கத்தில், வாரியத்தின் கடைசிக் கடையும் மூடப்பட்டது.

வாரியம் இருந்தபோது மாகாணம் முழுவதுக்கும் 200 கடைகளுக்குச் சற்று மேல் இருந்தன. 1990-களின் நடுவில் அந்த எண்ணிக்கை 600-ஐத் தாண்டியது. இன்று 1,500-க்கும் மேல். பேரங்காடி நிறுவனங்கள் மளிகைக்கடைக்குள்ளேயே மது விற்கக் கூடாது, தனிக் கட்டடம் தனி வாசல் வேண்டும் என்ற விதியால் தொடக்கத்தில் சிறு வியாபாரிகளுக்கு இடம் கிடைத்தது. குடும்பம் குடும்பமாகச் சேமிப்பைப் போட்டுக் கடை திறந்தார்கள். பின்பு பெரிய கடைத்தொடர்கள் அந்தச் சிறு கடைகளை விலைக்கு வாங்கத் தொடங்கின.

அல்பெர்ட்டா எதை விற்றது, எதை விற்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கடைகளைக் கைவிட்டது, மொத்த இறக்குமதி உரிமையைக் கைவிடவில்லை. மாகாணத்துக்குள் வரும் ஒவ்வொரு புட்டியும் சட்டப்படி அரசுக்குச் சொந்தமான சரக்காகவே வரும். எட்மன்டனை அடுத்த செயின்ட் ஆல்பர்ட்டில் உள்ள கிடங்கைத் தனியார் ஒப்பந்ததாரர் நடத்துகிறார். கடைக்காரர் அங்கிருந்து வாங்கும்போதே அரசின் பங்கு கழிந்துவிடும். அந்தப் பங்கும் புட்டியின் விலையில் விழுக்காடாக இல்லாமல் லிட்டருக்கு இவ்வளவு என்று மாற்றப்பட்டது. ஆதலால் விலை ஏறினாலும் இறங்கினாலும், கடை திறந்தாலும் மூடினாலும் கஜானாவுக்கு வருவது நிற்காது. வாடகையும் சம்பளமும் நட்டமும் தனியார் தலையில், வரி மட்டும் அரசு கையில். கணக்குப் பார்ப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

இழப்பு எங்கே விழுந்தது என்றால், கவுண்டருக்குப் பின்னால். தொழிற்சங்கத்தில் இருந்த வாரிய ஊழியர்கள் 1,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். புதிய கடைகளில் விற்பனையாளருக்கு ஏறக்குறையப் பாதி ஊதியமே கிடைத்தது. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் இல்லை. வேலை செய்வோரின் மொத்த எண்ணிக்கை கூடியது என்று அரசு சொன்னது உண்மைதான். ஒரு குடும்பத்தைத் தாங்கிய வேலை பகுதிநேரக் கூலியானதும் அதே அளவு உண்மை.

அல்பெர்ட்டாவில் ஓர் அமைச்சரின் முடிவு போதுமாயிருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குப்பெட்டியும் ஒரு பெரிய நிறுவனத்தின் பணமும் அதைச் செய்தன. பசிபிக் கரையிலுள்ள அந்த மாநிலம் தேசிய மதுவிலக்குக்கு முன்னதாகவே, 1916-ல், மதுவைத் தடை செய்தது. தடைக்காலத்தில் சியாட்டிலில் கள்ளக்கடத்தலின் அரசராக விளங்கிய ராய் ஓம்ஸ்டெட் முன்னாள் போலீஸ் அதிகாரி. அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டது சரியா என்ற வழக்கு 1928-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த அனுபவத்தால் மதுவைத் தனியார் கையில் விட அந்த மாநிலம் அஞ்சியது. 1934 ஜனவரியில் ஸ்டீல் சட்டம் நிறைவேறி, மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது.

முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வாரியம் விஸ்கி, வோட்கா வகைகளைத் தான் மட்டுமே விற்றது. பியரும் ஒயினும் மளிகைக்கடைகளில் கிடைத்தன. வாரியமே நேரடியாக நடத்திய கடைகள் 167. சிற்றூர்களில் தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டவற்றையும் சேர்த்தால் 330 அளவில் இருந்தன. மாநிலம் முழுவதும் ஒரே விலை. கடை அலமாரியில் ஒட்டியிருந்த விலையில் வரியெல்லாம் அடக்கம். 20 டாலர் என்று எழுதியிருந்தால் 20 டாலர் கொடுத்தால் போதும்.

உலகெங்கும் பேரங்காடிகள் நடத்தும் காஸ்ட்கோ நிறுவனத்தின் தலைமையகம் இதே மாநிலத்தின் இசாக்வா நகரில் இருக்கிறது. மொத்த வியாபாரியை இடையில் வைக்காமல் ஆலையிலிருந்து நேரடியாக வாங்கி மலிவாக விற்பதுதான் அதன் தொழில்முறை. பியர், ஒயின் கொள்முதலில் மாநில விதிகள் இதற்குத் தடையாக இருந்ததால் 2004-ல் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டது. அதில் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. வாஷிங்டனில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்ட முன்மொழிவை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியும். 2010 நவம்பரில் மதுக்கடைத் தனியார்மயம் கோரி ஒன்றுக்கு இரண்டு முன்மொழிவுகள் வந்தன. ஒன்றைக் காஸ்ட்கோ ஆதரித்தது, மற்றதை மது மொத்த வியாபாரிகள் ஆதரித்தார்கள். வாக்காளர்கள் இரண்டையும் தள்ளினார்கள்.

அடுத்த ஆண்டே மூன்றாவது முன்மொழிவு வந்தது. அதன் எண் 1183. முந்தைய தோல்வியின் பாடங்கள் அதில் இருந்தன. மூலைக்கு மூலை பெட்ரோல் பங்கிலும் விஸ்கி விற்பார்கள் என்ற பயம்தான் 2010-ல் மக்களைத் தடுத்தது. அதனால் 10,000 சதுர அடிக்குக் குறையாத கடைகளுக்கே உரிமம் என்று எழுதினார்கள். பழைய அரசுக் கடைகளுக்கும், வேறு கடையே இல்லாத ஊர்களுக்கும் மட்டும் விலக்கு. மாநிலத்துக்கு வருவாய் குறையும் என்ற பயத்தைப் போக்க, சில்லறை விற்பனையில் 17 விழுக்காடும் மொத்த விற்பனையில் முதலில் 10 விழுக்காடும் கட்டணமாகச் சேர்த்தார்கள். உள்ளூர்ப் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் ஒதுக்கப்படும் என்ற வாக்குறுதியும் உண்டு. அந்தப் பரப்புரைக்குக் காஸ்ட்கோ மட்டும் 2.2 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டது. அதுவரை அம்மாநில வாக்கெடுப்பு ஒன்றுக்கு ஒரே நிறுவனம் அவ்வளவு கொட்டியதில்லை. 2011 நவம்பர் 8 அன்று 58 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளில் முன்மொழிவு சட்டமானது. ஒரே சட்டத்தில் பல விஷயங்களைத் திணித்தது செல்லாது என்று தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் 2012 மே 31 வரை நீண்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. மறுநாளே, ஜூன் 1, புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பே ஏப்ரலில் 167 அரசுக் கடைகளும் இணையவழி ஏலத்துக்கு வந்துவிட்டன. ஏலத்தில் கடையோ சரக்கோ விற்கப்படவில்லை. இந்த இடத்தில் 10,000 சதுர அடி விதிக்கு உட்படாமல் மதுக்கடை நடத்த விண்ணப்பிக்கலாம் என்ற உரிமை மட்டுமே விலை போனது. கட்டட உரிமையாளரிடம் வாடகை பேச வேண்டியதும் இருக்கும் சரக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் எடுத்தவர் பாடு. அப்படியும் மொத்த ஏலத்தொகை 3 கோடி டாலரைத் தாண்டியது. எடுத்தவர்களில் பலர் சிறு முதலீட்டாளர்கள். ஆண்டாண்டாக ஓடிய கடை, பழகிய வாடிக்கையாளர்கள், ஆகவே போட்ட பணம் எடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். அதே ஜூன் 1 அன்று பக்கத்திலுள்ள பேரங்காடியும் அலமாரி நிறைய விஸ்கி அடுக்கப்போகிறது என்பதன் பொருளை அவர்களில் பலர் பட்ட பிறகுதான் உணர்ந்தார்கள். சிலர் ஏலம் எடுத்தும் பணம் கட்டாமல் பின்வாங்க, அந்தக் கடைகள் மறு ஏலத்துக்கு வந்தன. கடை திறந்தவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகளுக்குள் மூடினார்கள். தனியார்மயம் சிறு வியாபாரிக்கு வாழ்வு தரும் என்று அவர்களிடம் சொன்னவர்கள் அவர்களை ஏமாற்றிவிட்டார்கள்.

விலை குறையும் என்பதே வாக்காளர்களின் எதிர்பார்ப்பு. காஸ்ட்கோ பெயரே மலிவுக்குப் பேர்போனது. நடந்ததை ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். அலமாரியில் 20 டாலர் என்று ஒட்டியிருக்கும் 750 மில்லி புட்டியை வாடிக்கையாளர் எடுக்கிறார். கல்லாவில் 20.5 விழுக்காடு மது விற்பனை வரி 4 டாலர் 10 சென்ட் சேர்கிறது. லிட்டருக்கு 3 டாலர் 77 சென்ட் வீதம் விதிக்கப்படும் அளவு வரி இன்னொரு 2 டாலர் 83 சென்ட். கையிலிருந்து போவது 26 டாலர் 93 சென்ட். இரண்டு வரிகளும் பழையவைதான். முன்பு அவை அலமாரி விலைக்குள் அடங்கியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த 17 விழுக்காடும் 10 விழுக்காடும் பில்லில் தெரியாமல் அந்த 20 டாலருக்குள்ளேயே மறைந்திருந்தன. அரசின் கடை போய்விட்டதால் அரசின் ஆதாயமும் போகட்டும் என்று யாரும் எழுதவில்லை; அந்த ஆதாயத்தைக் கட்டணம் என்று பெயர் மாற்றிவிட்டு, மேலே தனியார் லாபத்தையும் ஏற்றினார்கள்.

பின்னர் நடந்த ஆய்வொன்றில் 750 மில்லி புட்டிகளின் விலை சராசரியாக 15.5 விழுக்காடு ஏறியிருந்தது தெரியவந்தது. 1.75 லிட்டர் பெரிய புட்டிகளிலோ ஏற்றம் 4.7 விழுக்காடுதான். எப்போதாவது ஒரு சிறு புட்டி வாங்குபவர் அதிகம் கொடுத்தார், பெரிய புட்டியாக வாங்கிக் குவிப்பவருக்குச் சுமை குறைவு. அதிகம் குடிப்பவரை விலையால் தடுப்பதே கட்டுப்பாட்டின் முதல் பாடம் என்றால், அது தலைகீழானது. எல்லையோர மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஓரிகனுக்கும் ஐடஹோவுக்கும் போய், அங்கே இன்னமும் மாநிலக் கட்டுப்பாட்டில் இருந்த கடைகளில் வாங்கி வந்தார்கள்.

330 இடங்களில் கிடைத்த கடும் மது 1,400-க்கும் மேற்பட்ட இடங்களில் கிடைக்கத் தொடங்கியது. காலை 6 மணி முதல் நள்ளிரவு கடந்து 2 மணி வரை விற்கலாம் என்றானது. பேரங்காடியின் பரந்த அலமாரிகளிலிருந்து விஸ்கி புட்டிகள் திருட்டுப்போவதும் கூடியது. திருடியவர்களில் பதின்பருவத்தினர் இருந்தது பெற்றோரைக் கவலையில் ஆழ்த்தியது. பழைய கடையில் ஒரே வாசல், கவுண்டரில் நின்ற ஊழியருக்கு வருகிறவர் போகிறவர் மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது. பேரங்காடியில் அந்தக் கண் இல்லை. அந்த ஊழியர்கள் 900-க்கும் மேற்பட்டோர் 2012-ன் முதல் பாதியில் வேலை இழந்து வீட்டுக்குப் போனார்கள்.

கஜானாவுக்கு நட்டமில்லை. மொத்த வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து 2013 மார்ச் இறுதிக்குள் 15 கோடி டாலர் கட்டணம் கட்ட வேண்டும், குறைந்தால் மிச்சத்தை அவர்களே பகிர்ந்து கட்ட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. குறைந்த தொகை 10 கோடி டாலருக்கும் மேல். அதையும் மாநிலம் விடாமல் வசூலித்தது. வாரியமும் கலைக்கப்படவில்லை. கஞ்சா விற்பனையை 2012 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு சட்டபூர்வமாக்கியபோது, அதற்கு உரிமம் வழங்கும் பொறுப்பு இதே வாரியத்துக்கு வந்தது. 2015 முதல் அதன் பெயரிலும் கஞ்சா சேர்ந்துகொண்டது.

வாஷிங்டனைப் பார்த்து மற்ற மாநிலங்கள் வரிசையாகக் கடைகளை விற்றுவிடவில்லை. பென்சில்வேனியாவில் தார்ன்பர்க், ரிட்ஜ், கார்பெட் என்று மூன்று ஆளுநர்கள் முயன்றும் முடியவில்லை. 2015-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தனியார்மய மசோதாவை ஆளுநர் டாம் உல்ஃப் தடுத்தார். மறு ஆண்டு மளிகைக்கடைகளில் ஒயின் விற்க மட்டும் வழிவிட்டார்கள். விஸ்கி இன்றும் அரசுக் கடையில்தான். கனடாவின் சஸ்காச்சுவான் எஞ்சியிருந்த 34 அரசுக் கடைகளையும் 2023-ல் மூடியது. ஸ்வீடனோ ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995-ல் சேர்ந்தபோது இறக்குமதியிலும் மொத்த விற்பனையிலும் அரசுத் தனியுரிமையை விட்டுக்கொடுத்தது. ஆனால் சில்லறைக் கடைகளை விடவில்லை. தனியார் நலத்தைக் கடையிலிருந்து விலக்கி வைப்பது பொதுச் சுகாதார நடவடிக்கைதான் என்ற அதன் நிலைப்பாடு 1997-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் நின்றது. தன் கடை எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஸ்வீடனால் முடிந்தது. வாஷிங்டன் வாரியத்தால் அது முடியவில்லை.

இந்தியாவில் பாதை வேறு. தமிழ்நாட்டில் 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் இறுதியில் சில்லறைக் கடைகளையும் தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஏலம் எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து தொகையை அமுக்கியதும், அரசுக்குச் சேர வேண்டியது வெளியே போனதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இங்கே அரசு கடைக்கு வந்ததே வருவாயைத் தேடித்தான். கோதன்பர்க்கின் எண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

எதிர்த் திசையில் பெரிய அளவில் முயன்றது டெல்லி. அங்கே 864 மதுக்கடைகளில் 475 கடைகளை நான்கு அரசு நிறுவனங்கள் நடத்திவந்தன, மற்றவை தனியாருடையவை. 2021-22 கலால் கொள்கை நகரை 32 மண்டலங்களாகப் பிரித்து, 849 கடைகளையும் தனியாருக்கு ஏலம் விட்டது. அரசுக் கடைகள் 2021 நவம்பர் 16 இரவோடு மூடப்பட்டன. மறுநாள் முதல் புதிய உரிமதாரர்கள் கடை திறக்கத் தொடங்கினார்கள். கொட்டிய உரிமத்தொகையை மீட்க அவர்கள் எடுத்த வழி தள்ளுபடி. ஒரு புட்டி வாங்கினால் இன்னொரு புட்டி இலவசம் என்ற அறிவிப்புகளால் கடை வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது. லாபத்துக்கு இடம் கொடுத்தால் விற்பவர் என்ன செய்வார் என்று கோதன்பர்க்கில் அஞ்சினார்களோ, அது 156 ஆண்டு கழித்து டெல்லி வீதிகளில் அப்படியே நடந்தது. நகரத் திட்ட விதிகளை மீறும் பகுதிகளில் கடை திறக்க அனுமதி கிடைக்காததால் பல இடங்கள் திறக்கப்படவே இல்லை. போட்டியைத் தாங்க முடியாத சிலர் மண்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் துணைநிலை ஆளுநர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்குப் பரிந்துரைத்தார். அம்மாத இறுதியில் டெல்லி அரசு அந்தக் கொள்கையையே கைவிட்டு, கடைகளுக்கு ஆகஸ்ட் 31 வரை மட்டும் அவகாசம் கொடுத்தது.

2022 செப்டம்பர் 1 அன்று அரசுக் கடைகள் மறுபடி திறந்தன. பழைய தனியார் கடைகளுக்கு உரிமம் திரும்பக் கிடைக்கவில்லை. முன்பு பாதிக்குச் சற்று மேல் மட்டுமே கையில் வைத்திருந்த அந்த நான்கு அரசு நிறுவனங்கள், தனியார்மயம் வந்து போன பிறகு டெல்லியின் மதுச் சில்லறைக் கடைகள் முழுவதையும் நடத்தத் தொடங்கின.